இணையதளச் சான்றிதழ் வழங்குநர்கள்: நம்பிக்கையும் பொறுப்புக்கூறலும்

இணையதளச் சான்றிதழ் வழங்குநர் என்பது, ஓர் இணையதளத்தின் பெயரும் ஒரு குறியாக்கச் சாவியும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமானவை என்று கையொப்பமிட்டு உறுதி கூறும் நிறுவனம் ஆகும். வங்கித் தளத்தையோ, தேர்வு முடிவுத் தளத்தையோ, ரயில் முன்பதிவுத் தளத்தையோ திறக்கும்போது முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், அதற்குப் பின்னால் இப்படியொரு நிறுவனத்தின் கையொப்பம் இருக்கிறது. இந்த நிறுவனங்களை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் அவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆயினும் நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்பதை அவையே நமக்குச் சொல்கின்றன. அவை தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி, 2011இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகே உலக அளவில் தீவிரமாகக் கேட்கப்பட்டது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு சாவிகள் உண்டு. தனிச் சாவி, தளத்தின் சேவையகத்தில் ரகசியமாக இருக்கும். பொதுச் சாவியை யார் வேண்டுமானாலும் பெறலாம். தனிச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்க முடியும். ஆனால் பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கணினிக்கு வந்து சேர்ந்த பொதுச் சாவி உண்மையில் வங்கியுடையதா, அல்லது வழியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் சாவியை வங்கியின் சாவி என்று சொல்லி நீட்டுகிறானா? இதைக் கணிதம் மட்டும் தீர்த்துவைக்க முடியாது. இரு தரப்புக்கும் வெளியே உள்ள மூன்றாவது ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

மதிப்பெண் பட்டியலின் நகலில் கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விண்ணப்பத்தைப் பெறும் அலுவலகத்துக்கு மாணவரையும் தெரியாது, கையெழுத்திட்ட அதிகாரியையும் தெரியாது. பச்சை மையும் பதவி முத்திரையும் போதும். அசல் சான்றிதழை அதிகாரி பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில் நகலை ஏற்றுக்கொள்கிறார்கள். இணையத்தில் அந்த முத்திரையின் வேலையைச் செய்வது சான்றிதழ் வழங்குநரின் கையொப்பம்.

உலாவி சில நொடிப்பொழுதுக்குள் பல சோதனைகளைச் செய்கிறது. சான்றிதழில் உள்ள பெயரும் முகவரிப் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, கையொப்பம் சரியா, அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் தான் நம்பும் பட்டியலில் வருகிறாரா என்றெல்லாம் பார்க்கிறது. சான்றிதழில் உள்ள பொதுச் சாவிக்கு இணையான தனிச் சாவி தன்னிடம் இருப்பதைச் சேவையகமும் நிரூபித்துக் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எச்சரிக்கைப் பக்கம் வரும்.

சான்றிதழ் சொல்வது இவ்வளவுதான். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று அது சொல்வதில்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மோசடித் தளம் தொடங்குபவரும், அந்த மாற்றிய பெயர் அவருடையதாக இருக்கும்வரை, முறையான சான்றிதழைப் பெற முடியும். 'பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு' என்று பல ஆண்டுகளாக மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மையே. இந்தத் தவறான புரிதலைக் காரணம் காட்டித்தான் 2023 செப்டம்பரில் குரோம் உலாவி தன் 117ஆம் பதிப்பில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு சின்னத்தை வைத்தது.

பட்டியலில் இருப்பவர்கள்

கெசட்டட் அதிகாரிக்கு அதிகாரம் அரசிடமிருந்து வருகிறது. சான்றிதழ் வழங்குநருக்கு எங்கிருந்து வருகிறது? உலாவியிலோ இயங்குதளத்திலோ முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டியலிலிருந்து. இதில் இடம்பெறும் சான்றிதழ்களை மூலச் சான்றிதழ்கள் என்பர். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், மொசில்லா, கூகுள் ஆகிய நான்கும் முக்கியமான பட்டியல்களைப் பராமரிக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் இருக்கும். தனியார் நிறுவனங்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அரசு அமைப்புகள், பொதுநல அமைப்புகள் எனப் பல நாட்டவரும் அதில் உண்டு. மூலச் சான்றிதழின் தனிச் சாவியை வலையமைப்போடு இணைக்காமல் பூட்டி வைத்துவிட்டு, அன்றாடக் கையொப்பங்களுக்கு இடைநிலைச் சான்றிதழ்களைப் பயன்படுத்துவது வழக்கம்.

பட்டியலில் உள்ள எந்த வழங்குநரும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் தரலாம் என்பதே இந்த அமைப்பின் பெரிய பலவீனம். சென்னையில் உள்ள ஒரு வங்கி தன் சான்றிதழை மிகக் கண்டிப்பான ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருக்கலாம். ஆனால் வேறொரு கண்டத்தில் உள்ள கவனக்குறைவான நிறுவனம் அதே வங்கியின் பெயருக்கு இன்னொரு சான்றிதழை யாருக்கோ கொடுத்துவிட்டால், உலாவி அதையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும். ஆக மொத்த அமைப்பின் வலிமை, பட்டியலிலேயே பலவீனமான நிறுவனத்தின் வலிமைதான். எந்த வழங்குநர் தன் பெயருக்குச் சான்றிதழ் தரலாம் என்பதைத் தள உரிமையாளரே களப்பெயர்ப் பதிவில் குறித்து வைக்கும் வசதி பின்னாளில் வந்தது. அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழ் தர வேண்டும் என்பது 2017 செப்டம்பரில் கட்டாயமானது. இதையும் வழங்குநர்தான் பார்க்க வேண்டும் என்பதால், பார்க்கத் தவறும் வழங்குநர் விஷயத்தில் இது உதவாது.

பணம் போகும் திசையையும் கவனிக்க வேண்டும். வழங்குநருக்குக் கட்டணம் தருபவர் தள உரிமையாளர். தவறான சான்றிதழால் பாதிக்கப்படுபவர் தளத்தைப் பார்க்க வருபவர். அவருக்கும் வழங்குநருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. கண்டிப்பான நிறுவனத்தின் சான்றிதழும் ஏனோதானோ நிறுவனத்தின் சான்றிதழும் உலாவியில் ஒன்றுபோலவே வேலை செய்வதால், கண்டிப்புக்குச் சந்தையில் விலை கிடைப்பதில்லை. இந்நிலையில் ஆண்டுக்கொரு தணிக்கை மட்டுமே கட்டுப்பாடாக இருந்தது. அந்தத் தணிக்கையாளருக்கும் சம்பளம் கொடுப்பவர் வழங்குநரே.

டிஜிநோட்டார், 2011

டிஜிநோட்டார் நெதர்லாந்தின் பெவர்வெய்க் நகரில் இயங்கிய நிறுவனம். நோட்டரிகளின் பணியோடு தொடர்புடையதாக 1998இல் தொடங்கியது. 2011 ஜனவரியில் வாஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. நெதர்லாந்து அரசின் பல இணையச் சேவைகளுக்கும் டிஜிநோட்டாரே சான்றிதழ் வழங்கிவந்தது. தணிக்கைகளிலும் தேறியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாத நடுவில் ஊடுருவல்காரர் ஒருவர் அதன் வலையமைப்புக்குள் நுழைந்தார். ஜூலை 10 அன்று கூகுள்.காம் என்று முடியும் எல்லா முகவரிகளுக்கும் பொருந்தும் ஒரு போலிச் சான்றிதழ் உருவாக்கப்பட்டது. மொத்தத்தில் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன. ஃபேஸ்புக், ஸ்கைப், டுவிட்டர் ஆகியவை மட்டுமன்றி அமெரிக்க, பிரிட்டிஷ், இஸ்ரேலிய உளவு அமைப்புகளின் தளப்பெயர்களும் அவற்றில் இருந்தன.

ஜூலை 19 அன்று டிஜிநோட்டாரின் வழக்கமான சோதனையிலேயே கணக்கில் வராத சான்றிதழ்கள் இருப்பது தெரிந்துவிட்டது. கண்ணில் பட்டவற்றை நிறுவனம் ரத்து செய்தது. வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு நிறுவனத்தையும் அழைத்துப் பார்க்கச் சொன்னது. உலாவி நிறுவனங்களிடம் சொல்லவில்லை. அரசிடம் சொல்லவில்லை. கூகுள் பெயரிலான சான்றிதழ் அவர்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது.

ஆகஸ்ட் மாதம் முழுவதும் அந்தச் சான்றிதழ் ஈரானில் வேலை செய்தது. அங்கே ஜிமெயிலைத் திறந்தவர்களின் இணைப்பு நடுவில் மடக்கப்பட்டு, போலிச் சேவையகத்தின் வழியே திருப்பிவிடப்பட்டது. சான்றிதழ் முறையானது என்பதால் பெரும்பாலான உலாவிகள் எச்சரிக்கவில்லை. ஆகஸ்ட் 28 அன்று ஈரானியப் பயனர் ஒருவர், தன் குரோம் உலாவி ஜிமெயிலுக்கு எச்சரிக்கை காட்டுவதாகக் கூகுளின் உதவிப் பக்கத்தில் எழுதினார். கூகுள் தளங்களுக்கு எந்தெந்த வழங்குநர்கள் மட்டுமே கையொப்பமிடலாம் என்ற விவரம் அப்போது குரோமுக்குள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. தணிக்கையாலோ சட்டத்தாலோ அல்லாமல், ஓர் எச்சரிக்கைப் பக்கத்தை அலட்சியம் செய்யாமல் காரணம் கேட்ட ஒரு சாதாரணப் பயனரால் வெளியே வந்தது என்பதை இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

மறுநாளே உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கின. அரசுச் சான்றிதழ்கள் தனிப் பிரிவில் வருவதால் அவற்றுக்கு விலக்கு வேண்டும் என்று நெதர்லாந்து தரப்பில் முதலில் கேட்கப்பட்டது. மொசில்லா அந்த விலக்கை அளிக்கவும் செய்தது. சில நாட்களிலேயே அந்தப் பிரிவையும் நம்ப இயலாது என்று தெரிந்து, விலக்கு திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 3 அதிகாலை, ஊரே உறங்கும் நேரத்தில், உள்துறை அமைச்சர் பீட் ஹெய்ன் டோனர் செய்தியாளர்களைச் சந்தித்து, அரசுத் தளங்களின் பாதுகாப்புக்கு உறுதி அளிக்க முடியாது என்று அறிவிக்க நேர்ந்தது. டிஜிநோட்டாரின் செயல்பாட்டு நிர்வாகத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே செப்டம்பர் 20 அன்று நிறுவனம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது.

ஃபாக்ஸ்-ஐடி என்ற நிறுவனம் நடத்திய விசாரணை அறிக்கை, உள்ளே இருந்த நிலையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. சான்றிதழ் வழங்கும் சேவையகங்கள் அனைத்தும் ஒரே விண்டோஸ் களத்துக்குள் இருந்தன. ஒரு கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர் எல்லாவற்றுக்குள்ளும் போகலாம். அந்தக் கடவுச்சொல்லும் எளிதில் உடையக்கூடியது. ஆராயப்பட்ட சேவையகங்களில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லை. வெளியே தெரியும் இணையச் சேவையகங்களில் மென்பொருள்கள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பேடுகளும் அதே சேவையகங்களில் இருந்ததால், திருடன் கையிலேயே வருகைப் பதிவேட்டைக் கொடுத்தது போலாயிற்று. எத்தனை போலிச் சான்றிதழ்கள் வெளியே போயின என்பதை நிறுவனத்தாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூகுள் பெயரிலான அந்த ஒரு சான்றிதழைச் சரிபார்க்கக் கேட்டு வந்த தனித்தனி ஐபி முகவரிகள் சுமார் 3 லட்சம்; அவற்றில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஈரானைச் சேர்ந்தவை. ஈரான் போன்ற ஒரு நாட்டில் ஒருவருடைய மின்னஞ்சலைப் படிக்க முடிந்தால் அவருடைய தொடர்புகள் முழுவதையும் அறியலாம். அந்த மூன்று லட்சம் முகவரிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யாரும் டிஜிநோட்டாரின் வாடிக்கையாளர்கள் அல்லர்.

இதே ஆண்டு மார்ச் மாதத்தில் கொமோடோ என்ற பெரிய வழங்குநரும் இதுபோன்ற தாக்குதலுக்கு ஆளாகியிருந்தது. அதன் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் கணக்கைக் கைப்பற்றி, ஜிமெயில், யாஹூ, ஸ்கைப் உள்ளிட்ட பெயர்களில் 9 சான்றிதழ்கள் பெறப்பட்டன. கொமோடோ அதை உடனே கண்டறிந்து ரத்து செய்து, உலாவி நிறுவனங்களுக்கும் தெரிவித்தது. அந்த நிறுவனம் செக்டிகோ என்ற புதிய பெயரில் இன்றும் இயங்குகிறது. இரண்டு நிகழ்வுகளின் முடிவும் இப்படி வேறுபட்டதற்கு, சேதத்தின் அளவோடு, ஒன்று சொல்லிவிட்டது, மற்றொன்று மறைத்தது என்பதும் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இந்தியாவில், 2014

இந்தியாவில் சான்றிதழ் வழங்குநர்களுக்கு உரிமம் தருவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் அமைக்கப்பட்ட சி.சி.ஏ. என்னும் கட்டுப்பாட்டு அலுவலகம். அதன் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அதன்கீழ் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. இடைநிலைச் சான்றிதழ்களை வைத்திருந்தது.

2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பல தளப்பெயர்களுக்கு என்.ஐ.சி. வழியாக அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் அறிந்து, உடனே தெரிவித்தது. மறுநாளே சி.சி.ஏ. அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்.ஐ.சி.யின் வழங்கல் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டனர் என்றும், தவறாக வெளிவந்தவை நான்கே என்றும் சி.சி.ஏ. கூறியது. அந்த நான்கில் மூன்று கூகுள் பெயர்களுக்கும் ஒன்று யாஹூ பெயருக்கும் உரியவை. அந்த நான்கில் அடங்காத வேறு சான்றிதழ்களையும் தாங்கள் அறிவோம் என்று கூகுள் பதில் சொன்னது. அதன்பின் சி.சி.ஏ.வின் கீழ் வரும் சான்றிதழ்களை, அரசுத் தளங்கள், கல்வி நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி என ஒரு சில இந்தியக் களப்பெயர்களுக்கு மட்டும் செல்லும்படி குரோம் சுருக்கிவிட்டது. ஃபயர்பாக்ஸ் பட்டியலில் சி.சி.ஏ. இல்லாததால் அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பாதிப்பில்லை. விரிவாகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அடையாளம் இல்லை என்றும் கூகுள் கூறியது.

ஓர் அரசு அலுவலகத்தின் கையொப்பத்துக்கு எல்லை வகுக்க ஓர் உலாவி நிறுவனத்தால் முடிந்தது என்பது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். ஆனால் எத்தனை சான்றிதழ்கள் வெளியே போயின என்ற எளிய கேள்விக்கு வழங்கியவர் ஒரு கணக்கும் கண்டுபிடித்தவர் வேறு கணக்கும் சொல்லும்போது, எல்லை வகுப்பது நியாயமாகவே தோன்றுகிறது.

பொதுப் பதிவேடு

இரண்டு நிகழ்வுகளிலும் விடை கிடைக்காமல் நின்ற கேள்வி ஒன்றே: மொத்தம் எத்தனை சான்றிதழ்கள், யார் பெயருக்கு? வழங்குநர் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் அப்போது இல்லை.

நிலம் வாங்குபவர்கள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்பது வழக்கம். ஒரு சர்வே எண்ணின் மேல் நடந்த பதிவுகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். போலிப் பத்திரம் பதிவாவதை வில்லங்கச் சான்று தடுக்காது. ஆனால் பதிவானால் அது தெரிந்துவிடும். தன் நிலத்தின் மேல் தனக்குத் தெரியாத பதிவு ஒன்று ஏறியிருப்பதைக் கண்ட உரிமையாளர் உடனே வழக்குப் போடலாம்.

சான்றிதழ்களுக்கும் இதே போன்ற ஏற்பாட்டைக் கூகுளைச் சேர்ந்த பென் லாரி, ஆடம் லாங்லி, எமிலியா காஸ்பர் ஆகியோர் வடிவமைத்தனர். 2013 ஜூனில் இணையத் தர ஆவணமாக அது வெளியானது. வழங்குநர் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேடுகளில் சேர்க்க வேண்டும். பதிவேடு, நேரம் குறித்த ரசீது ஒன்றைக் கையொப்பமிட்டுத் தரும். ரசீது இல்லாத சான்றிதழை உலாவி ஏற்காது. பதிவேட்டில் புதிய வரியைச் சேர்க்க மட்டுமே முடியும். பழைய வரியை நீக்கவோ திருத்தவோ முடியாது. ஒவ்வொரு வரியின் சுருக்க எண்ணும் மற்றவற்றோடு மர வடிவில் பின்னப்பட்டிருப்பதால், எங்கோ ஒரு வரியை மாற்றினாலும் உச்சியில் உள்ள எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட எல்லாச் சான்றிதழ்களுக்கும் குரோம் இதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் கட்டாயமாக்கியது. 'சிஆர்டி.எஸ்எச்' என்ற தளத்தில் எந்தக் களப்பெயரையும் கொடுத்து, அதற்கு யார் எப்போது சான்றிதழ் தந்தார்கள் என்பதை இலவசமாகப் பார்க்கலாம். மாணவர்கள் தங்கள் கல்லூரித் தளத்தின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் சான்றிதழ்களின் வரலாறு முழுவதும் வரிசையாக வரும்.

இந்தப் பதிவேட்டில் சிக்கிய மிகப் பெரிய நிறுவனம் சைமன்டெக். 2015 செப்டம்பரில், அதன் கிளையான தாட் நிறுவனம் கூகுளுக்குத் தெரியாமல் கூகுள் பெயரில் ஒரு சான்றிதழை உருவாக்கியிருந்தது பதிவேட்டின் வழியே தெரிந்தது. உள்சோதனைக்காகச் செய்தது என்று விளக்கம் சொன்ன சைமன்டெக், சம்பந்தப்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்து, 23 சோதனைச் சான்றிதழ்கள் மட்டுமே என்று கணக்குக் காட்டியது. கூகுள் தானே தேடிப் பார்த்துவிட்டு மேலும் இருப்பதாகச் சொன்னதும் கணக்கு மாறியது: 76 களப்பெயர்களுக்கு மேலும் 164 சான்றிதழ்கள், அத்துடன் பதிவே செய்யப்படாத களப்பெயர்களுக்கு 2,458. 2017இல் மீண்டும் ஒரு விசாரணை. 127 சான்றிதழ்களில் தொடங்கிய சந்தேகம், கூட்டாளி நிறுவனங்கள் சரிவரக் கண்காணிக்கப்படாமல் வழங்கிய குறைந்தது 30,000 சான்றிதழ்களுக்கு விரிந்தது. அந்த எண்ணிக்கையைச் சைமன்டெக் ஏற்கவில்லை. எனினும் குரோம் அதன் பழைய சான்றிதழ்களைப் படிப்படியாக நீக்கும் திட்டத்தை அறிவித்தது. 2018 அக்டோபரில் வந்த 70ஆம் பதிப்போடு அது முடிவுக்கு வந்தது. அதற்குள் சைமன்டெக் தன் சான்றிதழ்த் தொழிலை டிஜிசெர்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

பெரிய நிறுவனத்தைத் தொட முடியாது, தொட்டால் இணையத்தின் பெரும்பகுதி நின்றுவிடும் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். காலக்கெடு கொடுத்து மெல்ல மெல்லச் செய்தால் முடியும் என்பதைச் சைமன்டெக் விவகாரம் காட்டியது.

தவறைக் கண்டுபிடித்த பிறகு

வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு 2005இல் தொடங்கியது. அது வகுத்த அடிப்படை விதிகள் 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, தவறாக வழங்கிய சான்றிதழை, தவறின் தன்மையைப் பொறுத்து, 24 மணி நேரத்துக்குள் அல்லது ஐந்து நாட்களுக்குள் ரத்து செய்ய வேண்டும். காகிதத்தில் இது எளிது. ரத்து செய்தால் வாடிக்கையாளரின் தளம் முடங்கும் என்ற நிலையில் நடைமுறை வேறுமாதிரி இருக்கிறது.

இலவசமாகச் சான்றிதழ் தரும் பொதுநல அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட், 2020 பிப்ரவரி 29 அன்று தன் நிரலில் ஒரு பிழையைக் கண்டது. ஒரு விண்ணப்பத்தில் பத்துக் களப்பெயர்கள் இருந்தால் பத்தையும் மறுபடி சோதிப்பதற்குப் பதிலாக, ஒரே பெயரைப் பத்து முறை சோதித்திருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது முதல் மாணவனையே நாற்பது முறை கூப்பிட்டது போல. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289. அமைப்பு எண்ணிக்கையை உடனே வெளியிட்டு, சுமார் 17 லட்சம் சான்றிதழ்களைக் கெடுவுக்குள் ரத்து செய்தது. எஞ்சியவற்றை ரத்து செய்தால் பயனர்களுக்குப் பெருந்தொல்லை என்று சொல்லி விட்டுவிட்டது. அவை 90 நாட்களுக்குள் தாமாகவே காலாவதியாகக்கூடியவை. விதிப்படி பார்த்தால் இதுவும் மீறல்தான். ஆனால் எண்ணும் காரணமும் எல்லோர் முன்னும் வைக்கப்பட்டதால் அமைப்பின் மேல் நம்பிக்கை குலையவில்லை.

2024 ஜூலையில் டிஜிசெர்ட் தன் சரிபார்ப்பு முறையில் ஓர் அடிக்கோட்டு எழுத்து விடுபட்டிருந்ததைக் கண்டது. கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் 2019 முதல் கவனிக்கப்படாமல் இருந்ததால் 83,267 சான்றிதழ்கள் அதில் சிக்கின. 24 மணி நேர விதியின்படி ரத்து செய்ய நிறுவனம் முற்பட்டபோது, வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று அமெரிக்க நீதிமன்றத்தில் தடையுத்தரவே பெற்றது. கடைசியில் மிக இக்கட்டான நிலையில் இருந்தவர்களுக்குச் சில நாள் அவகாசம் தரப்பட்டது. விதியைக் காப்பாற்றும் வழங்குநரையும் வாடிக்கையாளர் வழக்குக்கு இழுக்கலாம் என்பது அப்போது தெரிந்தது.

என்ட்ரஸ்ட் நிறுவனத்தின் கதை வேறு. அதன் சான்றிதழ்கள் எதுவும் திருடன் கைக்குப் போனதாகச் செய்தி இல்லை. விதிக்குப் பொருந்தாத சான்றிதழ்களை உரிய காலத்தில் ரத்து செய்யாமல் இழுத்தடித்தது, திருத்திக்கொள்வதாகக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாதது ஆகியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போயின. 2024 ஜூன் 27 அன்று, இனி வரும் என்ட்ரஸ்ட் சான்றிதழ்களைக் குரோம் நம்பாது என்று கூகுள் அறிவித்தது. இந்தத் துறையின் மூத்த நிறுவனங்களுள் ஒன்றுக்கு, ஊடுருவல் ஏதுமின்றி, நடத்தைக்காக மட்டுமே இந்தத் தண்டனை.

ரத்து செய்வதிலும் ஒரு பழைய குறை உண்டு. சான்றிதழ் ரத்தானதா என்று உலாவி வழங்குநரிடம் கேட்கலாம். ஆனால் பதில் வராவிட்டால் பெரும்பாலான உலாவிகள் 'பரவாயில்லை' என்று இணைப்பை அனுமதித்துவிடும். இணைப்பை நடுவில் மடக்கும் தாக்குதல்காரர் அந்தக் கேள்வியையும் மடக்கிவிடலாம் அல்லவா? மழை பெய்யும்போது மட்டும் கிழியும் குடை அது. இதற்கு மாற்றாக, சான்றிதழின் ஆயுளையே குறைக்கிறார்கள். 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாட்கள் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் கூட்டமைப்பு எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் முதல் 100 நாட்கள், 2029 மார்ச் முதல் 47 நாட்கள். கையால் சான்றிதழ் மாற்றும் சிறிய அலுவலகங்களுக்கு இது சுமைதான். தானியங்கி முறைக்கு மாறுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி இருக்காது.

உலாவி நிறுவனங்களைக் கேட்பவர் யார்

இன்று சான்றிதழ் வழங்குநர்களைத் தண்டிக்கும் அதிகாரம் நடைமுறையில் நான்கு நிறுவனங்களிடம் இருக்கிறது. அவற்றுள் கூகுள் தானே சான்றிதழ் வழங்கும் தொழிலிலும் இருக்கிறது. மொசில்லா தன் முடிவுகளைப் பொது விவாதத்தின் மூலம் எடுக்கிறது. வழங்குநர்களின் தவறுகளும் விளக்கங்களும் அங்கே எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. மற்ற மூன்று நிறுவனங்களிடமும் அந்த அளவு திறந்த முறை இல்லை.

அரசுகள் இதை மாற்றப் பார்க்கின்றன. நோக்கங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. கஜகஸ்தான் 2019இல் தன் மக்கள் அனைவரும் அரசின் மூலச் சான்றிதழைத் தங்கள் கருவிகளில் நிறுவ வேண்டும் என்றது. நிறுவினால் மக்களின் இணைப்புகளை அரசு நடுவிலிருந்து படிக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அந்தச் சான்றிதழைத் தங்கள் உலாவிகளில் தடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி சட்டத்தின் வழி. உறுப்பு நாடுகள் அங்கீகரித்த வழங்குநர்களின் சான்றிதழ்களை உலாவிகள் ஏற்றே ஆக வேண்டும் என்ற விதி முன்மொழியப்பட்டபோது, 2023 நவம்பரில் நூற்றுக்கணக்கான கணினிப் பாதுகாப்பு அறிஞர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். தவறு செய்த வழங்குநரை உடனே நீக்கும் உரிமை பறிபோனால் டிஜிநோட்டார் போன்ற நிலைமையில் கைகட்டி நிற்க வேண்டிவரும் என்பது அவர்களின் வாதம். உலாவிகள் தங்கள் பாதுகாப்பு நடைமுறைகளைத் தொடரலாம் என்ற விளக்கம் முகவுரையில் சேர்க்கப்பட்டு, 2024 மே 20 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.